மூன்று பிடி

ரோச் கண்ணாடிக்குச் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறோம்.
வெள்ளை வெளிச்சம் அதற்கு
முகத்தில் அடி விழுந்தமாதிரி, என்றாள் றமீசா.
இறக்காமத்துக்காரி. வந்தாறுமூலைக் கம்பஸில்
தேவாங்கு படிக்கிறாள்.
தேவாங்கையும் படிக்கலாம் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

குடும்பிமலை அடிவாரம். இரவு ஒன்பதே கால்.
மணிக்கு ஒரு கிலோமீற்றர் நடக்கவேண்டும்,
அதைவிட விரைந்தால்
காணவேண்டியதைக் கடந்துபோவோம், என்றாள்.
சிரித்துவிட்டேன்.
இதே சரிவில்
ஒரு நாளைக்கு எட்டு மீற்றர் போனவள் நான்,
முழங்காலில்,
முகத்தில் பிளாஸ்ரிக் மறைப்பும்
கையில் குத்துகம்பியுமாய்.

வீரை மரத்தில் முதல் சோடி எரிந்தது.
இரண்டு சிவப்புப் புள்ளி,
நடுவில் ஒரு விரல் இடைவெளி.
என் வலது கால் அந்தரத்தில் நின்றது.
சிவப்பென்றால் நில்.
பத்து வருசமாகியும் காலுக்கு மறக்கவில்லை.
"கால வைங்க கா," என்றாள் மெல்ல,
"அது கண்தான்."

வாலில்லை.
கால் கிலோச் சீனிப் பையின் பாரம்.
கொடிக்குச்சி போல் கையும் காலும்.
முகத்தில் பாதியைக் கண் தின்றுவிட்டது.
ஆட்காட்டி விரல் மட்டும் குட்டை,
யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம்
என்று குறைத்துவைத்த மாதிரி.
நாறுபூச்சி ஒன்றைப் பிடித்துக்
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மென்றது.
தும்மியது. எச்சில் வடித்தது.
விடவில்லை.

பிறகு தன் மூத்திரத்தைத் தானே ஏந்தி
உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பூசியது.
ஏன் என்று கேட்டேன்.
பிடி வழுக்காமலிருக்க என்று ஒரு புத்தகம்,
மணத்தால் வழி எழுத என்று இன்னொன்று,
எறும்புக் கடியின் எரிவுக்கு என்று மூன்றாவது.
"நீ என்ன நினைக்கிறாய்?"
"எனக்கும் தெரியா கா. அதான் வந்த."

பாயத் தெரியாது அதற்கு.
இடைவெளி கண்டால் திரும்பிப்போய்
வேறு கிளை தேடும்.
மூன்று பிடி இறுகியிருந்தால்தான்
நாலாவதை விடும்.
எங்களுக்கு இதைப் பயிற்சியில்
மூன்று கிழமை சொல்லித்தந்தார்கள்.
பிறகும் பவளராணிக்குப் பிழைத்தது.
இப்போது இடக்கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்.
இடியப்பம் பிழியத்தான் ஏலாது என்பாள்,
கிரானில் தையல் மெசினோடு
வேகமாய்த்தான் இருக்கிறாள்.

போன கிழமை சித்தாண்டிச் சந்தியில்
மோட்டார்சைக்கிளை நிறுத்தி ஒருவன் கேட்டான்:
காட்டுக்குப் போறியளாம்,
அதுட கண்ணீர் வசியத்துக்கு நல்லதாம்,
உயிரோட ஒண்டு, பத்தாயிரம்.
என் கைப்பையில்
பதினேழு மரத்தின் இலக்கமும் இருந்தது.
மகனின் ரியூசன் காசு மூன்று மாத பாக்கியும் இருந்தது.
பாசிக்குடாவில் தேடிப்பார் தம்பி,
வெள்ளைக்காரரோடு வெயில் காயும், என்றேன்.
வீடு வந்தும் கொஞ்ச நேரம்
அந்தப் பத்தாயிரத்தை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றரை மணி. கடைசிக் கோடு.
பனிச்சை மரத்தில், என் தலை உயரத்தில்
ஒரு குட்டி.
தனியே.
நாலு பிடியும் கிளையில்.
பக்கிள் ஒன்று தரையிலிருந்து எழும்ப
அதன் தலை மட்டும் திரும்பியது,
பிடி அசையவில்லை.
தாய் இப்படித்தான் வைத்துவிட்டு
இரை தேடப் போகுமாம்.
என் மகன் தங்கச்சி வீட்டில்
சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான்.

படிவத்தில் ஒரு கட்டம்: தாய், உண்டு, இல்லை.
ரோச்சைத் தாழ்த்திச் சுற்றிலும் பார்த்தேன்.
ஒரு கண்ணும் எரியவில்லை.
"இல்லை எண்டு போடவா?"
"போடாதீங்க," என்றாள் றமீசா.
"இன்னும் விடியல்லயே."

பென்சிலைக் காதில் செருகினேன்.
பற்றரியை மிச்சம்பிடிக்க
வெளிச்சத்தை அணைத்துவிட்டு
இருவரும் நின்றோம்.